டிசபிலிட்டி பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

தங்கச்சிமடம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் முன்னாள் படைவீரர் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா கடற்படையில் 15 வருஷம் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அந்தக் காலக் கப்பல்களில் நீராவிக் குழாய்க்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள், ரிப்பேருக்குப் பிரித்தால் தூள் பறக்கும். வேலை முடிந்து மேலே வரும்போது புருவமெல்லாம் உப்பளத்தில் நின்ற ஆள் மாதிரி வெளுத்திருக்கும் என்று சின்ன வயதில் எங்களுக்குக் கதையாகச் சொல்வார். அந்தத் தூள் நுரையீரலில் தங்கி நோயாக வெளியே வர 20, 30 வருஷம்கூட ஆகும் என்பது மதுரையில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வாசலிலிருந்து கிணற்றடிக்கு நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். தானும் ஃபௌஜி, அதாவது பட்டாளத்துக்காரர் என்றார். விஷப்புகை பட்ட வீரர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, நோய் பட்டியலில் இருந்தால் போதும், எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று போனில் வீடியோ காட்டினார். 45,000 ரூபாயும், படையிலிருந்து வெளியே வரும்போது தருகிற பணி விவரப் புத்தகமான ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கும், மெடிக்கல் பேப்பரும் அவர் கைக்குப் போயின.

அது 2022இல் அமெரிக்கா தன் வீரர்களுக்குப் போட்ட பேக்ட் சட்டம். நம் ஆட்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இங்கே டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்க, நோய் பணியால் வந்தது அல்லது பணியால் அதிகமானது என்று ஏற்க வேண்டும், பாதிப்பு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அதிலும் ஓய்வுக்குப் பிறகு வெளிப்பட்ட நோய் என்றால் எந்தக் கப்பல், எந்த வருஷம், என்ன வேலை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால்தான் பேசவே முடியும்.

மனு தள்ளுபடியாகி, நகலோடு தபால் வந்தது. அதில் "சியாச்சினில் பணியாற்றியபோது முழங்கால் பாதிப்பு" என்று இருந்தது. யாரோ ஒரு தரைப்படைக்காரரின் மனுவில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "நான் பனியையே பார்த்ததில்லையேடா" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

போலீசுக்குப் போவோம் என்ற பிறகு புத்தகம் திரும்பி வந்தது. மெடிக்கல் பேப்பரில் நாலு தாளைக் காணோம், பணமும் வரவில்லை.

இராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே வழி கேட்கக் காசு வேண்டாம். தள்ளுபடி செய்தாலும் அப்பீல் உண்டு, அப்புறம் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் கெடு இருப்பதால் கடிதம் கைக்கு வந்த தேதியை உடனே குறித்து வையுங்கள்.

ஆள் இப்போது தொண்டிப் பக்கம் வீடு வீடாகப் போகிறாராம். வந்தால் ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.