மாடித் தோட்டத்துச் சதைப்பற்றுச் செடிகளுக்கு அலுமினியப் பெயர்த்தகடு: ஓராண்டுக்கும் மேல் பயன்படுத்திய பிறகு

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. மழை விட்டதும் மேலே போய்ப் பார்த்தால், தொட்டிகளில் செருகி வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் பெயர்ச்சீட்டுகளில் பெரும்பாலானவை தண்ணீர் வடியும் குழாய் வாயில் குவிந்து கிடந்தன. அழுகிப் போன செடிகள் நான்கைந்துதான்; பெயரை இழந்தவை அறுபதுக்கு மேல். அழுகியதற்கு மாற்றாக இன்னொன்று வாங்கிவிடலாம். ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் ஹவொர்தியா வகைகளில் எது யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது என்பதை மீட்பதற்கு எந்த வழியும் இல்லை.

அதற்குப் பிறகு வாங்கியவைதான் இந்தத் தகடுகள். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே ஓர் அட்டை, ஒரு முனையில் துளை, கட்டுவதற்குக் கம்பி, அவ்வளவுதான் அமைப்பு. மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து தாளிலேயே பள்ளமாகப் பதிந்துவிடுகிறது. மை என்று எதுவும் இல்லாததால் வெயிலில் வெளுப்பதற்கும் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில தொட்டிகளில் பிளாஸ்டிக் சீட்டையே வைத்து, பாதியில் மார்க்கராலும் பாதியில் பென்சிலாலும் எழுதினேன். கோடை முடிவதற்குள் மார்க்கர் எழுத்து வெறும் நிழலாகிவிட்டது. பென்சில் எழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறது. கிராஃபைட்டை வெயில் வெளுக்கச் செய்வதில்லை. ஆனால் பிளாஸ்டிக் முறுகிப்போய், களை பிடுங்கும்போது விரல் பட்டாலே ஒடிகிறது.

தகட்டிலும் குறைகள் உண்டு. முதலாவது, தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது: மெய்யெழுத்தின் புள்ளியை அழுத்தி வைக்கும்போது பேனா முனை தாளைத் துளைத்துவிடுகிறது. ‘சப்பாத்திக்கள்ளி’ என்று எழுதிய தகட்டில் மூன்று துளைகள் விழுந்தன. ஐப்பசி மழையில் அவற்றின் வழியே நீர் இறங்கி, உள்ளிருந்த அட்டை ஊறிப் புடைத்து, ஓரம் வாய் பிளந்துகொண்டது. இப்போது புள்ளிக்குப் பதிலாக, பழைய அச்சுப் புத்தகங்களில் உள்ளதுபோல் சிறு வட்டம் போடுகிறேன். அதன் பிறகு துளை விழவில்லை. இரண்டாவது குறை, உடன் தரப்படும் கம்பி. அது இரும்பு, கடற்காற்றில் மூன்றே மாதத்தில் துருவேறி அறுந்தது. தாமிரக் கம்பியை மாற்றாகப் போட வேண்டாம், உப்பு ஈரத்தில் தாமிரம் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். தூண்டில் நரம்பு வாங்கித் தொட்டி விளிம்பில் துளையிட்டுக் கட்டினேன். செடியில் கட்டக் கூடாது. தண்டு பருக்கும்போது நரம்பு சதையை அறுத்துவிடும்.

எதை எழுதுவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ‘கள்ளி’ என்று மட்டும் எழுதினால் போதாது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் கூட்டம்; இலத்தீன் பெயரின் முதல் பாதி அதுதான்) சேர்ந்தவை, கீறினால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சப்பாத்திக்கள்ளியோ ஓபன்ஷியா, கேக்டஸ் குடும்பம். பால் கிடையாது, முள் முளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பஞ்சு போன்ற சிறு மெத்தை இருக்கும். ‘கற்றாழை’யும் அப்படியே: சோற்றுக்கற்றாழை அலோ, ஆனைக்கற்றாழை அகேவ். ஆகவே தகட்டின் முன்பக்கம் இலத்தீன் பெயரையும் அதன் கீழ் தமிழ்ப் பெயரையும் எழுதுகிறேன்.

இலத்தீன் பெயரும் கடைக்காரர் சொன்னதாகவே இருந்தால் பயனில்லை. நாற்றங்கால் ஒன்றில் ‘ஹவொர்தியா ஃபேஸியாட்டா’ என்று சொல்லி விற்ற வரிக்குதிரைச் செடியை மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் இலையின் உட்பக்கத்தை விரலால் தடவியபோது வெளிப்பக்கத்தைப் போலவே அங்கும் சொரசொரப்பான வெண்புள்ளிகள் தட்டுப்பட்டன. ஃபேஸியாட்டாவுக்கு உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், என்னுடையது அட்டெனுவாட்டா. சந்தையில் ஃபேஸியாட்டா என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை அட்டெனுவாட்டாதான். போதாததற்கு, 2013இல் இவ்விரண்டும் ஹவொர்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு ஹவொர்தியாப்சிஸ் என்ற தனிப் பேரினத்துக்குப் போயின. பாம்புச் செடியும் நம் ஊரில் மருள் எனப்படும் செடியும் சான்சிவேரியாவாக இருந்து டிரசீனாவுக்குள் சேர்ந்துவிட்டன.

பெயர் மாறும்போதெல்லாம் தகட்டை மாற்றினால் பழைய தகவல் போய்விடும். இதற்கு உலர்தாவரத் தொகுப்புகளில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அப்படியொரு தொகுப்பு இருக்கும் ஊர் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை. உலர்த்திய செடி ஒட்டப்பட்ட தாளில் முதல் பெயர்ச்சீட்டைக் கிழிப்பதில்லை. பின்னால் ஒருவர் வேறு பெயரைத் தீர்மானித்தால், தம் பெயரும் தேதியும் எழுதிய புதுச் சீட்டை அருகே ஒட்டுகிறார். நானும் தகட்டின் பின்பக்கம் ஓர் எண்ணை மட்டும் பதித்து, வாங்கிய இடம், நாள், சொல்லப்பட்ட பெயர், பின்னர் நான் திருத்திய பெயர், திருத்தியதற்கான காரணம் ஆகிய அனைத்தையும் அந்த எண்ணின் கீழ் நோட்டில் எழுதுகிறேன். கிளையோ குட்டியோ பிரித்து வைத்தால் அதற்கும் தாய்ச் செடியின் எண்ணே, பக்கத்தில் ஓர் எழுத்துடன்.

நூறு தகடுகள் கொண்ட கட்டு எனக்கு 400 ரூபாய்க்குள் கிடைத்தது. அட்டை வைத்தது வேண்டாம், சற்று விலை கூடினாலும் ஒற்றைத் தகடாக வருவதைக் கேட்டு வாங்குங்கள். மழையில் நனையாத வராந்தாத் தொட்டிகளுக்கு அட்டை வைத்ததே போதும். விதைத் தட்டுகளுக்கும் இரண்டு அங்குலத் தொட்டிகளுக்கும் இது பெரிது, அங்கே பென்சிலும் பிளாஸ்டிக்கும்தான் சரி. பெயர் தெரியாத செடிக்கு ஊகித்து எதையும் எழுதாமல், உறுதியாகத் தெரிந்த பேரினத்தோடு நிறுத்திவிட்டு மீதி இடத்தை வெறுமையாக விடுங்கள். என் மாடியில் 57ஆம் எண் தகட்டில் ‘காஸ்டீரியா’ என்று மட்டும் இருக்கிறது. அது பூவெடுத்தால், அடி பருத்த அந்தக் குழல் பூவை அளந்து பார்த்த பிறகே மறுபாதியை எழுதுவேன்.