புயல் நேரத்து வாடகை ஜெனரேட்டர்: ஊராட்சிக்கு எது உழைக்கும், எது காலை வாரும்

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாட்களில் ஊராட்சி இயங்குகிறதா இல்லையா என்பதற்குத் தெருக்குழாய்தான் சாட்சி. விளக்கில்லாமல் நாலு ராத்திரி ஓட்டிவிடலாம். தொட்டி காய்ந்தால் மறுநாள் காலையே காலிக்குடத்தோடு சாலை மறியல்தான். டெல்டா கிராமங்களில் அன்று தொட்டியை நிரப்பியவை பெரும்பாலும் வாடகைக்குப் பிடித்த ஜெனரேட்டர்கள். ஊராட்சிகளுக்குக் கிடைக்கும் அந்த வாடகைச் சேவையைத்தான் இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் 5 எச்பி நீர்மூழ்கி மோட்டாரும் பல ஊர்களில் உள்ள ஜோடி. நீர்மட்டமும் தொட்டி உயரமும் சேர்ந்து 60 மீட்டர் அளவில் இருந்தால், நிமிடத்துக்கு 180 முதல் 200 லிட்டர் ஏறும். தொட்டி நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகும். பேரிடர் காலத்தில் தலைக்கு 15 லிட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. அந்தக் கணக்கில் ஒரு தொட்டித் தண்ணீர் 2,000 பேருக்கு ஒரு நாளைத் தள்ளிவிடும். ஆக, ஒரே வண்டி நாலு தொட்டிகளைச் சுற்றி வரலாம். ஊருக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கி, 11 மாதம் தார்பாய் போட்டு மூடி வைத்து, தேவைப்படும் நாளில் பேட்டரி இறந்து கிடப்பதற்கு வாடகை எவ்வளவோ மேல்.

வாடகைக்குக் கிடைப்பவற்றில் நாலு ரகம் உண்டு.

கையில் தூக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர், 3 முதல் 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு), சிங்கிள் ஃபேஸ். த்ரீ ஃபேஸ் மோட்டாரை இது ஓட்டாது. அலுவலகக் கணினி, பிரின்டர், செல்போன் சார்ஜ், துணை சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜ் என்றால் நல்ல சாமான். தொட்டிக்கு இதைக் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

அடுத்தது பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ்காரர் வைத்திருக்கும் திறந்த ஜெனரேட்டர். ஊரிலேயே இருக்கும், கூப்பிட்ட குரலுக்கு வரும், ஓட்டுபவர் முகம் தெரிந்தவர். அவசரத்துக்கு இது பெரிய பலம். ஆனால் காலமெல்லாம் சீரியல் லைட்டும் ஃபோகஸ் லைட்டும் ஓட்டிப் பழகிய இயந்திரம் இது. டைனமோவின் வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கும் ஏ.வி.ஆர்., மோட்டார் கிளம்பும் அடியைத் தாங்குமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பெயர்ப்பலகையில் 3 ஃபேஸ், 415 வோல்ட், கேவிஏ மூன்றும் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பலகையே இல்லை, மேலே பெயின்ட் அடித்திருக்கிறது என்றால், சொல்லும் கேவிஏவைப் பாதியாக நினைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது டிராக்டர் டைனமோ. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து, அதாவது இன்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் பின்பக்கத் தண்டிலிருந்து, சுற்றும் ரகம். மரம் விழுந்த பாதை, சேறு, வயல்வரப்பு என்று வேறு எந்த வண்டியும் நுழையாத இடத்துக்கு இது போகும். 15 கேவிஏவுக்கு 40 எச்பி டிராக்டர் தாராளம். சிக்கல் வேகத்தில். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் நின்றால்தான் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் வரும். டீசலை மிச்சம் பிடிக்க ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் 45-க்கு இறங்கிவிடும். ஹெர்ட்ஸ் இறங்கினால் மோட்டார் வேகமும் இறங்கும். பம்ப் தள்ளும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறைவதால், 45 ஹெர்ட்ஸில் கிடைப்பது 81 சதவீத உயரம்தான். ஆழ்துளைக் கிணற்று நீர்மட்டம் இறங்கியிருந்தால் மோட்டார் ஓடும், ஆம்பியர் காட்டும், தொட்டி மேல் ஒரு சொட்டு விழாது. "போர் வற்றிப்போச்சு" என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும். டிராக்டரில் ஒரு கைப்பிடி ஆக்சிலரேட்டர் கூட்டினால் தண்ணீர் வரும். ஹெர்ட்ஸ் மீட்டர் இல்லாத டிராக்டர் டைனமோவை எடுக்கவே வேண்டாம்.

நாலாவது, டிரெய்லரில் வரும் மூடிய சைலண்ட் ஜென்செட். 15 கேவிஏ முதல் 62.5 கேவிஏ வரை, டவுனில் உள்ள வாடகைக் கம்பெனிகளிடம் கிடைக்கும். வோல்டேஜ் நிலையாக நிற்கும், ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டர் இருக்கும். இங்கே மக்கள் செய்யும் தவறு, பெரிசாக இருந்தால் நல்லது என்று 62.5-ஐ இழுத்து வருவது. 5 எச்பி மோட்டாருக்கு அது கொசுவை அடிக்க யானை. வெறும் ஓட்டத்துக்கே மணிக்கு 4, 5 லிட்டர் டீசல் குடிக்கும். பாரம் 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாக வடியும். 15 கேவிஏ செட் அதே வேலையை மணிக்கு சுமார் இரண்டரை லிட்டரில் முடிக்கும். ஒரு தொட்டிக்கு 6, 7 லிட்டர்.

அளவுக் கணக்கு இதுதான். 5 எச்பி நீர்மூழ்கி ஓடும்போது 9, 10 ஆம்பியர் இழுக்கும். முழு வோல்டேஜையும் நேரடியாகக் கொடுக்கும் டி.ஓ.எல். ஸ்டார்டரில் கிளம்பும் நொடியில் அது 50, 60 ஆம்பியர். 15 கேவிஏ செட்டின் முழுத் திறனே ஃபேஸுக்கு 21 ஆம்பியர்தான். அந்த ஓரிரு நொடியை நல்ல டைனமோ தாங்கிவிடும். 10 கேவிஏவில் வோல்டேஜ் 300-ஐ நெருங்கிச் சரிந்து, ஸ்டார்டர் கான்டாக்டர் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்ப்பவர்கள் கான்டாக்டர் முனையைக் கருக்கிவிட்டு, ஜெனரேட்டரைத் திட்டுவார்கள். 7.5 எச்பிக்கு, மோட்டாரை இரண்டு கட்டமாகக் கிளப்பி இழுப்பைக் குறைக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் என்றால் 20 கேவிஏ, டி.ஓ.எல். என்றால் 25. 10 எச்பிக்கு ஸ்டார் டெல்டாவோடு 25 கேவிஏ. போரிலிருந்து மூன்று வயர் மட்டும் மேலே வந்தால் ஸ்டார் டெல்டா போட முடியாது, ஆறு வயர் வேண்டும். அதை இப்போதே எண்ணிப் பார்த்து எழுதி வையுங்கள். கேட் வால்வை முக்கால்வாசி மூடிக் கிளப்பி, மோட்டார் வேகம் பிடித்த பிறகு மெல்லத் திறந்தால் இழுப்பு நேரம் குறையும்.

இனி ஒயரிங். வாடகை ஜெனரேட்டர் காலை வாரும் இடங்களில் பாதிக்கு மேல் இதுதான். மோட்டார் அறையில் 4 போல், 63 ஆம்பியர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மின்வாரிய லைனிலிருந்து கழற்றி ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் அது. "ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிட்டோம், போதும்" என்பது ஆளைக் கொல்லும் பேச்சு. நியூட்ரல் இணைந்தே இருக்கும். பதற்றத்தில் யாராவது கட்டையைத் திரும்பச் செருகினால், உங்கள் 415 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் பின்வழியாகப் போய் 11,000 வோல்ட்டாக மேல்கம்பிக்கு ஏறும். நாலு ஊர் தள்ளிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியருக்கு லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் காப்பு. 4 போல் சுவிட்ச் மின்வாரிய நியூட்ரலையும் துண்டித்துவிடுவதால், ஜெனரேட்டர் நியூட்ரலுக்கும் உடலுக்கும் அந்த இடத்திலேயே எர்த் கம்பி அடிக்க வேண்டும். ஈர மண் என்பதால் அது கஷ்டமில்லை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றால் ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றுகிறது. மூன்றில் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றினால் சரி. ஃபேஸ் வரிசையைப் பார்க்கும் ரிலே உள்ள பேனலில் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. கோளாறு அதேதான், வைத்தியமும் அதேதான். கேபிள் 4 கோர், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, குறைந்தது 30 மீட்டர் வேண்டும். மரம் குறுக்கே கிடந்தால் டிரெய்லர் மோட்டார் அறை வாசல்வரை வராது. 10 மீட்டர் கேபிளோடு வந்து நின்று கையைப் பிசைவது வாடிக்கை.

அலுவலகத்துக்கும் அதே செட்டிலிருந்து இழுக்கலாம், வரிசை தவறக் கூடாது. முதலில் மோட்டார், அது நிலைக்கு வந்த பிறகு கணினி, சார்ஜ் பலகை. நிறுத்தும்போது தலைகீழ்: சார்ஜைக் கழற்றிவிட்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். பாரம் சட்டென்று விழும்போது பழைய ஏ.வி.ஆர். வோல்டேஜைத் தூக்கியடித்து, ஊர்ப் போன்கள் நாற்பதின் சார்ஜரையும் ஒரே நொடியில் தின்றுவிடும். மூன்று ஃபேஸிலும் பாரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

ஒப்பந்தம்தான் இந்தச் சேவையின் பலவீனமான பக்கம். பொதுவாக ஒரு நாள் வாடகை என்றால் 8 மணி நேர ஷிப்ட். டீசல் தனி, வண்டிக்கூலி தனி. புயலடித்த மறுநாள் போன் போட்டால் சொன்னதுதான் விலை. செப்டம்பரிலேயே வாடகை, ஆள் கூலி, கேபிள் நீளம், வந்து சேரும் நேரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்கி, தீர்மானத்தில் ஏற்றிவிட்டால் பேரம் பேசும் நிலை வராது. ஊராட்சிச் செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இணையவழியில் அனுப்பும் பணத்துக்கு டிஜிட்டல் கையொப்பமும் நெட்டும் வேண்டும். டவர் விழுந்த நாளில் நெட் ஏது? கஜா நேரத்தில் தலைவர்களே இல்லை. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 5-இல் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி அதே நிலை வந்தது. அப்போதிருந்த 12,525 ஊராட்சிகளை 388 ஒன்றியங்களால் வகுத்தால் ஒன்றியத்துக்கு 32 ஊர். அத்தனைக்கும் தனி அலுவலராகக் கையெழுத்துப் போடும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் புயல் அன்று உங்கள் ஊருக்கு வந்து விலை பேசுவார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? முன்கூட்டிப் போட்ட ஒப்பந்தம் இருந்தால் ஊராட்சிச் செயலரும் தொட்டி ஆபரேட்டரும் போனில் ஒரு வார்த்தை சொல்லி வண்டியை வரவழைக்கலாம். பில்லுக்கு ஹவர் மீட்டர் எண்ணை வரும்போதும் போகும்போதும் போட்டோ எடுத்து, ஆபரேட்டர் கையெழுத்தோடு நோட்டில் ஏற்றினால் தணிக்கையில் பதில் இருக்கும்.

பங்க்கிலும் கரண்ட் இருக்காது என்பதை மறந்துவிடுவார்கள். 200 லிட்டர் பேரல் ஒன்று இருந்தால் நாலு தொட்டிக்கு எட்டு நாள் ஓடும். 2,500 லிட்டர் வரை டீசல் சேமிக்க உரிமம் தேவையில்லை, எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டரைத் தாண்டாத வரை. பேரலை நிமிர்த்தி வைத்து மேல்மூடியில் மழைநீர் தேங்கவிட்டால், டீசலில் தண்ணீர் இறங்கி முதல் நாளே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். படுக்கப்போட்டு வையுங்கள், இரண்டு மூடியும் பக்கவாட்டில் டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி.

எங்கள் கணிப்பில் நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்து எடுக்கும் 15 கேவிஏ டிரெய்லர் செட்டுக்கு ஐந்தில் நாலு. ஹெர்ட்ஸ் மீட்டரோடு வரும் டிராக்டர் டைனமோவுக்கு மூன்றரை. பாதை மோசமான ஊருக்கு இதுவே முதலிடம். பந்தல் ஜெனரேட்டருக்கு இரண்டரை, அதுவும் செப்டம்பரில் உங்கள் மோட்டாரையே ஓட்டிக் காட்டிய பிறகு.

2023 டிசம்பர் தூத்துக்குடி, நெல்லை போன்ற வெள்ளத்துக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது. மோட்டார் அறையே மூழ்கினால் ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை, லாரித் தண்ணீர்தான். வெள்ளம் வடிந்த பிறகும் பேனலைக் காயவைத்து, மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொட்டி நிறையத் தொடங்கும்போதே 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 30,000 லிட்டருக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வு திறக்க வேண்டும். போன வருஷம் பிரித்த மூட்டையில் குளோரின் வாசனைகூட மிச்சமிருக்காது. ஜெனரேட்டர் ஒப்பந்தம் போடும்போதே புது மூட்டைக்கும் சேர்த்து எழுதிவிடுங்கள்.