குராசோ உரிமம் காட்டும் ஓர் இ-ஸ்போர்ட்ஸ் பந்தயத் தளம்

சென்னை இளைஞர்களின் டெலிகிராம் குழுக்களில் ஓயாமல் விளம்பரமாகும் கரீபியன் தீவான குராசோவின் உரிமத்தைக் காட்டி, இ-ஸ்போர்ட்ஸ் எனும் வீடியோ கேம் போட்டிகள்மீது பந்தயம் நடத்தும் வெளிநாட்டுத் தளம் ஒன்றை, பணம் கட்டாமல், அதன் விதிமுறைகளையும் விகிதங்களையும் மட்டும் கொண்டு பரிசீலித்தேன். வடிவமைப்பில் குறையில்லை, கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2, வாலரன்ட் ஆகிய மூன்று வீடியோ கேம்களுமே உண்டு.

விஷயம் விகிதங்களில்தான் இருக்கிறது. சமபலம் கொண்ட இரு அணிகளுக்கும் 1.85 தருகிறார்கள், அதாவது வென்றால் கட்டிய ஒரு ரூபாய்க்கு மொத்தம் 1.85 ரூபாய் திரும்பும். நியாயமாக அது 2.00 ஆக இருக்க வேண்டும். இரு பக்கமும் நூறு நூறு ரூபாய் கட்டினால், யார் வென்றாலும் 185 ரூபாய்தான் திரும்பும். மீதி 15 ரூபாய் தளத்துக்கு. வரவேற்பு போனஸோ, பலமடங்கு தொகைக்குப் பந்தயம் கட்டிய பிறகே கைக்கு வரும் என்பதால், அந்த வெட்டு ஒவ்வொரு சுற்றிலும் விழுந்துகொண்டே இருக்கும். (இதற்குப் பெயர் வரவேற்பாம்!) காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கவும் விதிமுறை இடம் தருகிறது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்றாலும், அதன்மீது பந்தயம் கட்டுவதை ஏற்கவில்லை. வங்கிகள் அதற்கான பணப் பரிமாற்றத்தைச் செய்யவும் கூடாது. அதனால்தான் பணம் கட்டும் பக்கத்தில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக, முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் யுபிஐ முகவரி வந்து நிற்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் வேறொருவருடையது வருகிறது.