மாதிரி விடையா, மறுவரைவா: பிளஸ் டூ ஆங்கில வகுப்பில் இரண்டு வழிகள்

பிளஸ் டூ ஆங்கிலத்தில் ஒரு கவிதையை நடத்தி, அதைப் பற்றி மாணவர்களை எழுத வைப்பதற்கு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே வழிதான் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வார், கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார், பத்தி வினாவுக்கு மாதிரி விடையைக் கொடுப்பார். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மறுநாள் எழுதிக் காட்டுவார்கள். கடலூர் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் நானும் இப்படித்தான் நடத்தினேன். கடந்த இரண்டு கல்வியாண்டுகளாக வேறு வழிக்கு மாறியிருக்கிறேன். மாணவர்களே பாடலைச் சொல் சொல்லாக நின்று வாசிக்கிறார்கள், தங்களுக்குப் பட்டதை முதல் வரைவாக எழுதுகிறார்கள், நான் படித்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தருகிறேன், அவர்கள் மறுபடி எழுதுகிறார்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், என் மனம் மறுவரைவின் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாதிரி விடையில் பிழை குறைவு, மதிப்பெண் உறுதி. வரைவில் மாணவரின் சொந்தச் சிந்தனை வெளிப்படுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. இரண்டாவது வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. கவிஞரின் பெயரை மறைத்துக் கவிதையை மட்டும் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து இலக்கியத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929-இல் நூலாக வெளியிட்டார். எழுத்தை முடிந்த பொருளாகப் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கும் வேலையாகக் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஆங்கிலப் பேராசிரியர் டொனால்ட் மர்ரி 1972-இல் வாதிட்டார். முன்னது வாசிப்பைப் பற்றியது, பின்னது எழுத்தைப் பற்றியது. நான் செய்வது இந்த இரண்டையும் ஒரே நோட்டுக்குள் சேர்ப்பது மட்டுமே.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கக் கவிஞர் தோரு தத் ஆங்கிலத்தில் எழுதிய சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஏறும் கொடியை முதல் வரி பெரிய மலைப்பாம்புக்கு ஒப்பிடுகிறது. முன்பெல்லாம் நான் இந்த இடத்தில் "உவமை" என்று சொல்லி அடிக்கோடிடச் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இப்போது, முதல் வரியில் மலைப்பாம்பாக இருந்த கொடி ஆறாவது வரியில் கழுத்தில் அணியும் துண்டாக எப்படி மாறியது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வகுப்பில் முதலில் எழுந்தது வேறொரு கேள்வி. "சார், சவுக்கு எங்க சார் இவ்ளோ பெருசா வளரும்?" என்றான் ஒருவன். எங்கள் ஊரில் சவுக்கை நான்கைந்து ஆண்டுகளில் வெட்டிச் சாரக்கம்புக்கும் பந்தல்காலுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். முதிர்ந்த சவுக்கை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான், வெட்டப்படாமல் நின்ற ஒரு மரத்தைப் பற்றிய கவிதை இது என்பது அவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் உறைத்தது.

ஒரு மாணவி தன் முதல் வரைவில் மரம் மிகவும் வலிமையானது என்று மட்டும் எழுதியிருந்தாள். கைடில் இருக்கும் வாக்கியமும் ஏறக்குறைய அதுதான். நான் ஓரத்தில், "எந்தச் சொல் உனக்கு இதைச் சொன்னது?" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வரைவில் அவள், மரம் கொடியைத் தாங்குகிறது என்று கவிஞர் சொல்லவில்லை, அணிகிறது என்கிறார், ஆகவே அது சுமையாக இல்லாமல் அலங்காரமாகிவிட்டது, ஆனால் அடிமரத்தில் ஆழமான தழும்புகள் இருப்பதாக இரண்டாவது வரி சொல்வதால் அந்த அலங்காரம் வலியில்லாமல் வந்திருக்காது என்று எழுதினாள். அவளுடைய ஆங்கிலத்தில் மூன்று இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் பதினான்கு ஆண்டுகளில் நான் கொடுத்த எந்த மாதிரி விடையிலும் இந்தக் கருத்து இருந்ததில்லை.

கவிஞரின் வாழ்க்கையை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தோரு தத்தின் அண்ணன் 1865-இலும் அக்கா 1874-இலும் இறந்தார்கள். அவரும் 1877-இல் 21 வயதில் இறந்துபோனார். இது தெரியாமல், அந்த மரத்தடியில் தன்னோடு விளையாடியவர்களை அவர் நினைக்கும் இடம் பாதிதான் விளங்கும். ஆனால் இதை முதலில் சொல்லிவிட்டால் மாணவர்கள் மலைப்பாம்பையும் சோகம் என்று எழுதுகிறார்கள், பூவையும் சோகம் என்று எழுதுகிறார்கள். அதனால் முதல் வரைவு கைக்கு வந்த பிறகே சொல்கிறேன்.

இவ்வளவு கேட்ட பிறகும் சக ஆசிரியர்கள் தயங்குவதற்கு ஒரே காரணம் நோட்டுத் திருத்தும் நேரம். அந்தத் தயக்கம் நியாயமானது. இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான் என்பதால் கணக்கை அப்படியே தருகிறேன். என் வகுப்பில் 52 பேர். மாதிரி விடையைத் திருத்த ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் எல்லா நோட்டிலும் இருப்பது ஒரே விடை. வரைவு முறையில் முதல் வரைவுக்கு நான்கு நிமிடம், மறுவரைவுக்கு மூன்று நிமிடம் என ஒரு கேள்விக்கு 364 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆறு மணி எங்கே, 52 நிமிடம் எங்கே என்று இந்த இடத்திலேயே பலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் மாதிரி விடை ஒருமுறை திருத்தியதோடு முடிவதில்லை. காலாண்டுக்கு மனப்பாடம் செய்தது அரையாண்டுக்குள் மறந்துபோகிறது. அரையாண்டுக்கு ஒருமுறை, பிறகு மூன்று திருப்புதல் தேர்வுகளுக்கும் ஒவ்வொரு முறை என மீண்டும் படிக்க வைத்து, எழுத வைத்து, திருத்த வேண்டியிருக்கிறது. முன்பு ஆண்டுக்குப் பன்னிரண்டு பத்தி விடைகள் கொடுத்தேன். முதல் சுற்றுக்குச் சுமார் பத்தரை மணி நேரம். அடுத்த நான்கு சுற்றுகளில் ஆறு விடைகளை மட்டும் எழுத வைத்தாலும் ஏறத்தாழ 21 மணி நேரம். மொத்தம் 31 மணிக்கு மேல். இப்போது ஆண்டுக்கு ஆறு வரைவுப் பணிகள்தான் கொடுக்கிறேன்; அதற்கு 36 மணியும் சிறிது நேரமும் ஆகிறது. ஆக, வரைவு முறைக்கு ஐந்து மணி நேரம் கூடுதல் என்பதை மறைக்க முடியாது. ஆனால் அந்தச் சுமையின் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வந்து போய்விடுகிறது. மனப்பாடத்தின் சுமையோ ஜனவரிக்குப் பிறகு, செய்முறைத் தேர்வும் மாலை வகுப்பும் நெருக்கும் நாட்களில் தலையில் ஏறுகிறது. தானே இரண்டு முறை எழுதிய விடையைத் திருப்புதலுக்கு முன்னால் மாணவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் போதுமாக இருந்தது. நான் மறுபடி திருத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, முதல் வரைவிலேயே எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையில் சுழித்தது. பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்ததைப் பார்த்த பிள்ளைகள் நோட்டை மூடிவைத்துவிட்டார்கள். மறுவரைவுக்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. இப்போது முதல் வரைவில் எழுத்துப் பிழையைத் தொடுவதே இல்லை, ஒரு கேள்வி மட்டும்தான். மறுவரைவில் ஒரே வகைப் பிழையை, உதாரணமாக எழுவாய்க்குப் பொருந்தாத வினைமுற்றை, மட்டும் குறிக்கிறேன். 52 பேரையும் நான்காகப் பிரித்து நாளுக்கு 13 நோட்டு வாங்குகிறேன். முதல் வரைவுக்கு அன்றாடம் 52 நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

மதிப்பெண் விஷயத்தில் நான் அடக்கமாகத்தான் பேச முடியும். இரண்டு ஆண்டு மாணவர்களைத்தான் இந்த வழியில் பார்த்திருக்கிறேன். நடுத்தர மாணவர்கள் முன்னேறினார்கள். முதலிடத்தில் இருந்தவர்களிடம் வேறுபாடு தெரியவில்லை. சொந்த வாக்கியத்தில் எழுதப் போய்ச் சில மதிப்பெண்களை இழந்தவர்களும் முதல் ஆண்டில் இருந்தார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கவே தடுமாறும் ஏழெட்டுப் பேருக்கு இன்றும் மாதிரி விடையைத்தான் கொடுக்கிறேன். வேலைக்கான விண்ணப்பக் கடிதம் போன்று வடிவம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவற்றுக்கும் மாதிரியே மேல். உரைநடையில் கி. ராஜநாராயணனின் நாற்காலிக் கதை ஒன்றில்தான் இதை முயன்றிருக்கிறேன். அந்த நடையும் வீடும் பிள்ளைகளுக்குப் பழகியவை என்பதால் அதை வைத்து மற்ற உரைநடைகளுக்கு எதுவும் சொல்ல மாட்டேன்.

வரும் ஜூனில் தொடங்க நினைப்பவர்கள் 192 பக்க நோட்டு ஒன்றைத் தனியாக வாங்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில் முதல் வரைவு, எதிரே வலப்பக்கத்தில் மறுவரைவு என்று இருந்தால் ஒரே பார்வையில் எது மாறியது என்று தெரிந்துவிடும். முதல் பணிக்கு அலகு வரிசையைப் பார்க்க வேண்டாம். மாணவர்கள் தங்கள் ஊரில் கண்ணால் கண்ட ஒரு பொருள் இருக்கும் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிக்கு இரண்டாம் ஆண்டும் அது சவுக்காகவே இருந்தது.