பறவைக்கும் ஈக்கும் ஒரே ஜூம்: குளோசப் லென்ஸுடன் ஒரு காலை

முழுச்சட்டகக் கேமராவில் 70–300 மி.மீ. ஜூமை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கச் செல்பவன் நான். பூக்களில் வந்தமரும், அந்தரத்தில் நின்றபடி பறக்கவல்ல ஹோவர் ஈக்களுக்காகத் தனியே ஒரு மேக்ரோ லென்ஸையும் (சிறியவற்றை மிக அருகில் எடுக்க உதவுவது) சுமக்க வேண்டியிருந்ததால், ஜூமின் முகப்பில் கிளிப்பால் மாட்டும் 4.8 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) குளோசப் லென்ஸ் ஒன்றை வாங்கி, ஈரநிலக் காப்பகம் ஒன்றில் ஒரு காலை முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன்.

விடிந்து ஒரு மணி நேரம் வரை அது பையிலேயே இருந்தது. முக்குளிப்பான் மூழ்கி எழுவதையும், தாழைக்கோழி வாலை வெடுக்கென அசைத்தபடி நாணலோரம் நடப்பதையும் மறைவிடத்திலிருந்து வெறும் ஜூமிலேயே எடுத்தேன். வெயில் ஏறியதும் கரையோரப் பூக்களுக்கு ஹோவர் ஈக்களில் ஒரு வகையான ட்ரோன் ஈக்கள் வரத் தொடங்கின. தேனீயைப் போலத் தோன்றினாலும் இவற்றுக்கு இறக்கைகள் இரண்டே. இவற்றின் புழுக்கள் வால் போன்ற நீண்ட குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சுவிட்டபடி தேங்கிய நீரில் வளர்பவை என்பதால், நீர்ப்பறவைகளைத் தேடிப் போகும் இடத்திலேயே இவையும் கிடைத்துவிடுகின்றன.

கிளிப்பை அழுத்தி மாட்ட இரண்டு விநாடி போதும். ஜூமை 300 மி.மீ.-இல் நிறுத்திக் குவியத்தை முடிவிலியில் வைத்தால், ஏறத்தாழ 21 செ.மீ. தொலைவிலிருந்து 1.4 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கிறது; அதாவது கேமராவின் உணரியில் விழும் பிம்பம் ஈயின் உண்மை அளவைவிட 1.4 மடங்கு பெரிது. ஈ மிரளாத தொலைவு அது. ஆண் ஈயின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடுவதும், அக்கண்களின் மேல் செங்குத்தாக ஓடும் மயிர்ப்பட்டைகளும் படத்தில் தெளிவாகத் தெரிந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். மலிவான ஒற்றைக் கண்ணாடி வகைகளில் விளிம்புகளில் படரும் ஊதா நிறம் இதில் இல்லை.

குறைகளும் உண்டு. 70 மி.மீ.-இல் படத்தின் மூலைகள் இருண்டுவிடுகின்றன. 300 மி.மீ.-இல் லென்ஸின் துளையை எஃப்/11 வரை சுருக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே கூர்மையாக விழுகிறது. தானியங்கிக் குவியம் அதில் தடுமாறுவதால், அதை அணைத்துவிட்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். மாட்டியிருக்கும்வரை தூரத்துக் காட்சி எதுவும் பிடிபடாது என்பதால், சற்றுத் தள்ளியிருந்த குச்சியில் வந்தமர்ந்த மீன்கொத்தியை நான் தவறவிட்டேன்.

அந்தரத்தில் நிற்கும் ஈயை எடுப்பதே மிகக் கடினமாக இருந்தது. ஆண் ஈ விலகிப் பறந்தாலும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருவதால், அந்த இடத்தை நோக்கிக் கேமராவைப் பிடித்தபடி காத்திருந்தேன். நாற்பது படங்களில் மூன்று கூர்மையாக அமைந்தன. மூன்றும் சூரியன் எனக்குப் பின்னால் இருந்தபோது எடுத்தவை.