முழங்கை மடிப்பில் எடைக் கம்பி: வழக்கத்தை விட்டு விலகிய எடைப் பயிற்சிகள், ஒரு நீண்ட கால அனுபவம்

மதுரையில் எந்த ஜிம்முக்குப் போனாலும் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (மல்லாந்து படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) மூன்றையும் ஒரே மாதிரிதான் சொல்லித் தருவார்கள். நானும் அண்ணா நகர் பக்கம் ஒரு ஜிம்மில் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்துவந்தேன். எடை ஏறி ஏறி ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. ஸ்குவாட்டில் கீழே போய் எழும்போது இடுப்பு முந்திக்கொண்டு மேலே வரும், நெஞ்சு குனியும். மாஸ்டர் பக்கத்தில் நின்று "நெஞ்சைத் தூக்குங்கண்ணே, நெஞ்சைத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாரம் முதுகில் அழுத்தும்போது காதில் விழுவதைக் கேட்டு உடம்பு திருந்துவதில்லை. எடையை வைக்கும் இடத்தை மாற்றியதும் அது தானாகவே திருந்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஜெர்ச்சர் ஸ்குவாட். 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த எட் ஜெர்ச்சர் என்ற பலசாலியின் பெயரால் வழங்குவது. பாரை, அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பியை, முதுகில் வைக்காமல், இரண்டு முழங்கைகளின் உள்மடிப்பில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். எடை உடம்புக்கு முன்னால், வயிற்றுக்கு நேரே இருப்பதால் கொஞ்சம் குனிந்தாலும் பார் முன்னால் இழுக்கும். விழாமல் இருக்க மேல்முதுகும் வயிறும் தாமாகவே இறுகிக்கொள்ளும். பாரை முதுகில் வைத்துச் செய்யும் வழக்கமான பின்ஸ்குவாட்டில் 100 கிலோ போடுகிற நான் இதில் 40 கிலோவில்தான் தொடங்கினேன். மறுநாள் வலி எடுத்தது தொடையில் மட்டுமில்லை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் எடுத்தது.

முழங்கை மடிப்பில் பார் அழுத்துவது ஆரம்பத்தில் கஷ்டம்தான், தோல் சிவந்து கன்றிப்போகும். குளிக்கிற துண்டை நான்காக மடித்துச் சுற்றிக்கொண்டால் போதும். கை முஷ்டி இரண்டும் கழுத்தெலும்புப் பக்கம் மேலே நோக்கி இருக்க வேண்டும். முஷ்டி இறங்கினால் பார் வழுக்கும். ராக்கில் (பாரைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தில்) இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பாரை வைத்து எடுங்கள். தரையிலிருந்தே எடுக்கிற முறையும் உண்டு, ஜெர்ச்சரே அப்படித்தான் செய்வார். ஆனால் அதில் முதுகு வளையாமல் எடுப்பது அரிது என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

இதைச் செய்துகொண்டிருந்த நாட்களில்தான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் கோயில் திடல் ஓரமாகக் கிடந்த இளவட்டக்கல்லைக் கூர்ந்து பார்த்தேன். உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் இதைத் தூக்கிக் காட்டியவனுக்குத்தான் பெண் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நெல்லைப் பக்கம் பொங்கலுக்கு இன்னும் போட்டியே நடக்கிறது. அதைத் தூக்குகிற விதத்தைக் கவனியுங்கள்: குத்தவைத்து உட்கார்ந்து, கல்லைத் தொடைமேல் ஏற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து எழுந்து, பிறகு தோளுக்கு ஏற்றுவார்கள். ஜெர்ச்சரும் பாரைத் தரையிலிருந்து தொடைக்கு ஏற்றித்தான் முழங்கைக்குக் கொண்டுவருவார். பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்கும் பலம் நம் ஊர் இளவட்டங்களிடம் ஏற்கெனவே இருந்ததுதான். ஜிம்முக்குள் அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பாரும் ஒரு துண்டும் போதும் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அடுத்தது ஜெஃபர்சன் டெட்லிஃப்ட். பாரைக் கால்களுக்கு நடுவே விட்டு, ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நின்று, ஒரு கையை முன்னேயும் மறு கையைப் பின்னேயும் கொடுத்துத் தூக்குவது. பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எடை நேராக உடம்புக்குக் கீழேயே இருப்பதால் கீழ்முதுகில் இழுவை குறைவு. அதே சமயம் பார் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், அதைத் திரும்பவிடாமல் பிடிப்பதில்தான் இடுப்புப் பக்கத் தசைகளுக்கு வேலை. ஒவ்வொரு செட்டுக்கும் காலை மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இடது பக்கம் பலவீனம் என்பதை இதுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு காலும் சமமாக நிற்கிற டெட்லிஃப்டில் அது தெரியவே இல்லை.

ருமேனியன் டெட்லிஃப்ட், அதாவது நின்றபடி முழங்காலை லேசாக மட்டும் மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளிப் பாரை இறக்கி ஏற்றுவது, இப்போது எல்லா ஜிம்மிலும் சாதாரணம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ருமேனிய வீரர் நிக்கு விளாட் செய்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது. நான் அதில் செய்துகொண்ட ஒரே மாற்றம் கையை நன்றாக அகட்டிப் பிடிப்பது. பார் தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். அகலப் பிடியில் மேல்முதுகு தளர்ந்தால் பார் உடனே தொடையை விட்டு விலகிவிடும். பின்தொடை வளர்ச்சியில் எனக்கு இந்த அளவுக்குக் கைகொடுத்தது வேறு எதுவும் இல்லை.

நிறுத்தி எழும் ஸ்குவாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழே 3 விநாடி அசையாமல் இருந்து எழுங்கள். தசை இழுபட்டுத் துள்ளுகிற அந்த உதவி போய்விடும், முழுப் பலமும் காலிலிருந்தே வர வேண்டும். எடை குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நெஞ்சுக்கு நம் தண்டால்தான். இரண்டு செங்கலைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அகலமாகப் போட்டு, கையை அதன்மேல் ஊன்றி, நெஞ்சு செங்கல் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை போங்கள். கீழே ஒரு நொடி நின்று எழ வேண்டும். தசை நன்றாக விரிந்த நிலையில் பாரம் தாங்குவதுதான் இங்கே விஷயம். சுலபமாகிவிட்டால் முதுகில் ஒரு பிளேட்டை (பாரில் மாட்டும் எடைத் தட்டை) வைக்கச் சொல்லுங்கள். இதற்கு நேர் எதிர் பெஞ்சுக்குப் பதிலாகத் தரையில் படுத்து எடையை மேலே தள்ளும் ஃப்ளோர் பிரஸ். முழங்கை தரையில் இடித்து நின்றுவிடுவதால் தோள்பட்டைக்குப் பாதுகாப்பு, ஆனால் நெஞ்சு விரிவதே இல்லை. தோள் வலி இருந்த சமயத்தில் உதவியது. தசை வளர வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொள்வதில் பயன் இல்லை.

காற்றடைத்த பாதிப் பந்து மேல் ஏறி நின்று ஸ்குவாட் போடுவதை நான் விட்டுவிட்டேன். கணுக்கால் ஆடுகிறது, அதனால் எடை ஏற்ற முடிவதில்லை. எடை ஏற்ற முடியாத பயிற்சியில் கால் பெருக்காது. வீடியோவில் அழகாக இருப்பதும் தசைக்கு வேலை கொடுப்பதும் வேறு வேறு. தம்பிகள் இதில் நேரத்தை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கர்லாக்கட்டையை எடையாக நினைக்காமல் தோளைத் தயார்ப்படுத்தும் கருவியாக நினையுங்கள். அப்புறம் பாருங்கள், பெஞ்சுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிதானமாகச் சுற்றினால் தோள் மூட்டு எவ்வளவு லேசாகிறது என்று. சிலம்பம் சொல்லித் தருகிற இடங்களில் கேட்டால் நல்ல மரத்தில் கடைந்தது எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். முதலில் லேசானதாக வாங்குங்கள்.

இப்போது என் வாரம் இப்படி ஓடுகிறது: ஒரு நாள் ஜெர்ச்சரும் செங்கல் தண்டாலும், ஒரு நாள் அகலப் பிடி ருமேனியன், ஒரு நாள் வழக்கமான பின்ஸ்குவாட்டும் பெஞ்சும். ஜெஃபர்சன் மாதத்தில் சில வாரம் மட்டும். வழக்கமான மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இவற்றை மட்டும் செய்யச் சொல்லவில்லை. பின்ஸ்குவாட்டில் இப்போது இடுப்பு முந்துவதில்லை, நின்றுபோயிருந்த எடையும் மறுபடி ஏறுகிறது. ஒரு சமயத்தில் ஒரு மாற்று வகையை மட்டும் எடுத்து இரண்டு மாதமாவது செய்யுங்கள், வெறும் 20 கிலோ பாரில் தொடங்குங்கள். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஜெர்ச்சர் பக்கம் போகவே வேண்டாம்.