குடந்தை டிகிரி காபி: பெயருக்கும் டம்ளருக்கும் உள்ள தூரம்

கோயில் நகரம், குடந்தை, அரசு கலைக் கல்லூரியின் பெருமையில் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’. கும்பகோணத்துக்குப் பட்டங்கள் ஏராளம். மலையாளத்தில் ‘கும்பகோணம்’ என்றால் மோசடி. நெடுஞ்சாலையோரம் இந்தப் பெயரில் விற்கும் பல காபிகளுக்கு அது கச்சிதம்.

பித்தளை டபராவைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் வேறு டம்ளர் கேளுங்கள்.

ருசி டிகாக்‌ஷனில்தான். ஃபில்டரில் பொடியை லேசாக அமுக்கி, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கும். இறுக்கி அமுக்கினால் சொட்டாது, தளர்வாக விட்டால் நீர்த்துப்போகும். எண்பது பங்கு காபிப் பொடிக்கு இருபது பங்கு சிக்கரி சரி. அதற்கு மேல் போனால் நிறம் கறுக்கும், வாசனை குறையும், நாக்கில் ஒரு கசப்பு தங்கும். கூட்ட நேரத்தில் சில கடைகள் இரண்டாம் டிகாக்‌ஷனைக் கலந்துவிடுவார்கள். காலை ஆறு மணிக்குப் போவது உத்தமம்.

பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியில் தேறிய பால் என்பதால்தான் ‘டிகிரி’ என்பார்கள். சிக்கரிதான் திரிந்து டிகிரி ஆனது என்போரும் உண்டு. எதுவானாலும் தண்ணீர் கலக்காத பால், ஒருமுறை மட்டும் காய்ச்சியது வேண்டும். திரும்பத் திரும்பச் சுட வைத்த பாலில் ஆடை வாடை அடிக்கும், காபி மணம் அமுங்கிவிடும்.

மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நல்ல கடைகள் இன்னும் இருக்கின்றன. சர்க்கரையை முன்கூட்டியே குறைக்கச் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் பாயசம்தான்.